வரைபடத்தில் இல்லாத ஆள்

குழந்தைகள் வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கும் ஹாலோவீன் பண்டிகை, 2018. அந்தச் சமயத்தில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தின் பட்ஸ் கவுண்டியில், பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் இருந்தவர்களின் வீட்டு வாசலில் ஷெரிஃப் அலுவலகத்தினர் பலகை நட்டார்கள்: இங்கே மிட்டாய் கேட்டு வராதீர்கள் என்று. 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது அரசியல் சாசனத்துக்கு முரண் என்று சொல்லிவிட்டது. அந்தப் பலகையை வரவேற்ற பெற்றோரின் பயம் எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் பலகை இல்லாத வீடெல்லாம் பத்திரமான வீடு என்று பிள்ளையை அனுப்புவது பெரிய தவறு.

1994-இல் நியூஜெர்சியில் மேகன் என்ற 7 வயதுச் சிறுமியை எதிர்வீட்டு ஆள் கொன்றான். அவன் ஏற்கெனவே பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவன் என்பது அவள் பெற்றோருக்குத் தெரியாது. இப்படிப்பட்டவர்களைப் பற்றி மக்களுக்குத் தெரிவிக்கச் சொல்லும் மேகன் சட்டம் அந்தத் துக்கத்தில் பிறந்தது. இன்று அமெரிக்காவில் யாரும் தங்கள் தெருவில் பதிவேட்டுக்காரர் இருக்கிறாரா என்று இணையத்தில் தேடலாம். தாராளமாகத் தேடுங்கள். ஆனால் அதில் இருப்பவர்கள் பிடிபட்டுத் தண்டனை பெற்றவர்கள் மட்டுமே. நியூயார்க் மாநிலத்தில் பாலியல் குற்றக் கைதுகளை ஆராய்ந்தபோது, 95 சதவீதத்துக்கு மேல் அப்படி எந்த முன்தண்டனையும் இல்லாதவர்கள்.

அடுத்த தவறு, அந்நியரை மட்டும் கண்காணிப்பது. அமெரிக்க நீதித்துறை 2000-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, காவல்துறைக்குத் தெரியவந்த பாலியல் தாக்குதல் சம்பவங்களில் பாதிக்கப்பட்ட சிறார்களில் 100-க்கு 93 பேருக்குக் குற்றவாளி குடும்பத்தினர் அல்லது தெரிந்தவர். அமெரிக்காவில் உள்ள நம் தமிழர் வீடுகளில் வார இறுதி விருந்தை நினைத்துப் பாருங்கள். பெரியவர்கள் மேலே சாப்பாடும் பேச்சுமாக இருப்போம், பிள்ளைகள் எல்லாரும் பேஸ்மென்ட்டில். மூன்று மணி நேரம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பூங்காவில் நிழல்போலப் பின்னால் நடக்கிற அதே அம்மா அப்பாதான். அடிக்கடி கீழே இறங்கிப் போய்வாருங்கள், கதவைத் திறந்தே வையுங்கள், யார் யாரோடு தனியாக இருக்கிறார்கள் என்று பாருங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

"மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு" என்று வற்புறுத்துவதையும் நிறுத்த வேண்டும். பெரியவர் கேட்டால் உடம்பைக் கொடுக்கத்தான் வேண்டும் என்று நாமே பழக்கிவிட்டு, ஆபத்து வரும்போது மட்டும் மறுக்கச் சொன்னால் குழந்தை என்ன செய்யும்?

இந்தியாவில் 2018 செப்டம்பரில் தொடங்கிய தேசியப் பதிவேடு காவல்துறை போன்ற விசாரணை அமைப்புகளின் பயன்பாட்டுக்கு மட்டுமே. பெற்றோர் பார்க்க முடியாது. ஆக, இங்கே நம் கண்ணும் காதும்தான். குழந்தை வாய் திறந்து ஏதாவது சொன்னால், "நீ ஏன் அங்கே போனே?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வியில் குழந்தை வாயை மூடிக்கொள்ளும். சொன்னதை நம்புகிறேன், உன்மேல் தப்பில்லை என்று முதலில் சொல்லுங்கள். பிறகு குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள், அல்லது காவல் நிலையத்துக்குப் போங்கள். செய்தவர் சொந்தக்காரர், குடும்ப மானம் போய்விடும் என்று மறைத்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி அந்த மறைப்பே தண்டனைக்குரிய குற்றம்.