ஜப்தி நோட்டீஸ் வந்துவிட்டதா? பென்ஷனையும் பி.எப். பணத்தையும் காப்பது இப்படித்தான்

சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் துறைமுகத்திலும் ஐ.சி.எப். ரயில் பெட்டித் தொழிற்சாலையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர். கூட வேலை செய்தவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு, அவர் கட்டாத கடன் இவர்கள் தலையில் விழுந்துவிடும். டிகிரி, அதாவது கடனைக் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பாணை, ஆகிவிட்டது என்றதும் பென்ஷனும் போச்சு என்று இடிந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்படிப் போய்விடாது. ஆனால் நாம் போய்ச் சொன்னால்தான் கோர்ட்டுக்குத் தெரியும்.

முதலில், வந்த தாளைப் படியுங்கள். டிகிரி நகலா, அதை நிறைவேற்றக் கோரும் ஈ.பி. மனுவா என்று பாருங்கள். வழக்கு எண்ணையும் வாய்தா தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். சம்மனே வராமல் ஒருதலையாகத் தீர்ப்பாகியிருந்தால், விஷயம் தெரிந்த 30 நாளுக்குள் அதை ரத்து செய்யக் கேட்டு மனுப் போடலாம்.

அடுத்து, ஜப்தியில் தொடக் கூடாத பணம் எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவுதான் நமக்குக் கவசம். பென்ஷன், கிராஜுவிட்டி எனும் பணிக்கொடை, பி.பி.எப். எனும் பொது வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்பீட்டுப் பணம் எல்லாம் இதில் வருகின்றன. தொழிலாளர் பி.எப்.புக்கு அதற்கான சட்டமும் தனியாகக் காவல் நிற்கிறது. அதனால் பயந்துபோய் பி.எப். பணத்தை வெளியே எடுத்துவிடாதீர்கள்.

இன்னும் வேலையில் இருந்தால்? சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் உங்களுடையது. சம்பளம் 31,000 என்றால் மாதம் 10,000 வரைதான் பிடிக்கலாம். அதுவும் ஒரே டிகிரிக்கு மொத்தம் 24 மாதம்தான். ஜீவனாம்ச டிகிரிக்குக் கணக்கு வேறு.

வங்கிக் கணக்கைச் சுத்தமாக வையுங்கள். பலரும் கோட்டை விடும் இடம் இது. பென்ஷனும் கிராஜுவிட்டியும் கைக்கு வந்து டெபாசிட்டாக மாறினாலும் அவற்றின் தன்மை மாறாது என்று ராதேஷ்யாம் குப்தா வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சரி, இது அந்தப் பணம்தான் என்று எப்படிக் காட்டுவீர்கள்? வாடகை, மகன் போடும் பணம், சீட்டுப் பணம் எல்லாம் ஒரே கணக்கில் கலந்திருந்தால் பிரித்துக் காட்டுவது பெரும்பாடு. பென்ஷனுக்கு மட்டும் ஒரு கணக்கு வையுங்கள். பாஸ்புக்கில் மாதாமாதம் என்ட்ரி போடுங்கள். பென்ஷன் ஆணை, கிராஜுவிட்டி உத்தரவு, டெபாசிட் ரசீது எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடுங்கள்.

அப்புறம் மனு. கணக்கை முடக்கிவிட்டால் வங்கி மேலாளரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. ஜப்தி உத்தரவு போட்ட அதே கோர்ட்டில், கோப்பின் நகல்களோடு, விடுவிக்கக் கேட்டு மனுப் போட வேண்டும். நகர உரிமையியல் நீதிமன்றம் பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு.

பென்ஷனை எடுத்துக்கொள்ளலாம் என்று கடன் பத்திரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேனே என்று ஒரு பெரியவர் என்னிடம் கண்கலங்கினார். 60ஆவது பிரிவின் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பதாக எழுதினாலும் அது செல்லாது, ஐயா. அதே சமயம், கடன்காரரை ஏமாற்ற வீட்டை மகன் பேருக்கு மாற்றினால் அதையும் கோர்ட் செல்லாததாக்கலாம். அந்த யோசனையைக் கேட்காதீர்கள்.

ஏ.டி.எம். கார்டை வட்டிக்காரரிடம் அடமானமாகக் கொடுத்திருந்தால், இன்றே வங்கிக்குப் போய் அதை முடக்கிப் புதுக் கார்டு வாங்குங்கள். பின் நம்பரையும் மாற்றுங்கள்.