நகருக்குள் கரைந்த ஊரின் வரலாற்றைத் தேடுவது எப்படி: மாம்பலத்தையும் நுங்கம்பாக்கத்தையும் முன்வைத்து

பெருநகரத்தில் கரைந்துவிட்ட கிராமத்தின் வரலாற்றை எழுத விரும்புவோர் பலர் கோயிலிலிருந்தோ ஊர்ப்பெயருக்குச் சொல்லப்படும் கதையிலிருந்தோ தொடங்குகிறார்கள். ஏரியிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. சென்னையை உள்ளடக்கிய பழைய வட்டாரமான தொண்டை மண்டலத்து ஊர்களில் நன்செய் எங்கே, குடியிருப்பு எங்கே, சுடுகாடு எங்கே என்பதையெல்லாம் பெரும்பாலும் ஏரியே தீர்மானித்தது. அது தூர்ந்த பிறகும் நிலத்தின் சரிவும் தெருக்களின் வளைவும் அதன் இருப்பைக் காட்டிக்கொண்டிருக்கும்.

முதலில், நீங்கள் ஆராயும் பகுதியின் பழைய நில அளவை வரைபடம் ஒன்றைத் தேடி எடுத்து, இன்றைய வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சென்னை வரைபடங்களில், நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கமாக, மவுண்ட் ரோட்டுக்கு (இன்றைய அண்ணா சாலை) மேற்கே ஒரு நீண்ட ஏரி கிடப்பதைக் காணலாம். 1920இல் வந்த நகரமைப்புச் சட்டத்துக்குப் பின், அந்தப் பத்தாண்டில் மாம்பலம் பகுதியில் ஏரியைத் தூர்த்து உருவாக்கப்பட்டதே தியாகராய நகர். பனகல் பூங்காவைச் சுற்றி விரியும் நேர்த்தியான சாலைகள் வரைபட மேசையில் பிறந்தவை. அவற்றுக்கு அப்போது சென்னை மாகாணத்தை ஆண்ட நீதிக்கட்சியின் தலைவர்களுடைய பெயர்கள் சூட்டப்பட்டிருப்பதே அவை உருவான காலத்தைச் சொல்லிவிடும். நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட் ரோடு', 'லேக் ஏரியா' என்ற பெயர்கள் இன்றும் புழங்குகின்றன. 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டமும் ஏரி நிலத்தில் எழுந்ததுதான். இத்தகைய பெயர்ப்பலகைகளையும், மழை பெய்தால் முதலில் தண்ணீர் தேங்கும் இடங்களையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கரையும், நீர் திறந்துவிடும் மதகும், உபரி நீர் வெளியேறும் கலங்கலும் இருந்த இடங்கள் ஓரளவு புலப்பட்டுவிடும்.

அடுத்து, ஊர்நத்தத்தை, அதாவது ஊர் மக்கள் வீடு கட்டி வாழ்ந்த பழைய குடியிருப்பு நிலத்தை, கண்டுபிடிக்க வேண்டும். திட்டமிட்ட மனைப்பிரிவுகளுக்கு நடுவே திடீரென்று குறுகி வளைந்து செல்லும் சந்துகளும், வாசல்கள் நெருங்கி நிற்கும் வீடுகளும், ஒரு பிள்ளையார் கோயிலோ அம்மன் கோயிலோ சேர்ந்திருக்கும் இடம் பெரும்பாலும் பழைய நத்தமாக இருக்கும். அதற்குச் சற்றுத் தள்ளி, வேறு பெயரில், தலித் மக்களின் குடியிருப்பு இருந்திருக்கும். ஊரை மட்டும் எழுதிச் சேரியை விட்டுவிடும் வரலாறுகள் ஏராளமாக வந்துவிட்டன; அந்த வரிசையில் இன்னொன்றைச் சேர்க்க வேண்டியதில்லை.

களத்தில் கண்டதை உறுதிசெய்ய வருவாய் ஆவணங்களே துணை. கிராம 'அ' பதிவேட்டில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எதிரே நன்செயா, புன்செயா, ஏரிப் புறம்போக்கா (ஏரிக்கான அரசு நிலம்), மேய்க்காலா (மேய்ச்சல் நிலம்), நத்தமா என்ற வகைப்பாடு இருக்கும். நகர நில அளவை நடந்த பகுதிகளில் எண்கள் மாறிவிடுவதால், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்கும் பட்டியலைக் கேட்டுப் பெறாமல் மேலே செல்ல வேண்டாம். இதைவிடச் சுவையானவை மூலப் பத்திரங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் விற்பனைப் பத்திரத்திலேகூடச் சொத்து விவரத்தில் 'மாம்பலம் கிராமம்' என்று எழுதியிருப்பார்கள். அதற்கு முந்தைய பத்திரங்களுக்குப் பின்னோக்கிச் சென்றால், நான்கெல்லையில் அடுத்த மனைக்குப் பதிலாக வாய்க்காலும் தோப்பும் வரப்பும் தலைகாட்டக்கூடும். பழைய அளவுகளைப் படிக்கும்போது, இவ்வட்டாரத்தில் ஒரு மனை 2,400 சதுர அடி என்பதையும், 24 மனை ஒரு காணி என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஒரு சொத்தின் மீது பதிவான பரிமாற்றங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பொறுத்தவரை, 1975க்குப் பிந்தைய பதிவுகளை இணையத்தில் பார்க்கலாம். இணையத்தில் கிடைக்காத முந்தையவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

அதற்கும் முந்தைய காலத்துக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை நாட வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆர்க்காடு நவாப் அளித்த நிலப்பகுதியான செங்கல்பட்டு ஜாகீரின் ஊர்களைக் கம்பெனியின் பொறியாளர் தாமஸ் பார்னார்டு 1767 முதல் 1774 வரை அளந்து தொகுத்த கணக்குகளில் வீடுகள், தொழில்கள், ஏரிகள், மானியங்கள் ஆகியவை ஊர்வாரியாக இடம்பெற்றுள்ளன. ஆனால் எல்லா ஊர்களையும் அங்கே தேடக் கூடாது. எடுத்துக்காட்டாக, நுங்கம்பாக்கம் 1708இலேயே திருவொற்றியூர், வியாசர்பாடி உள்ளிட்ட வேறு நான்கு ஊர்களோடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்துவிட்டதால், அதன் செய்திகளைப் புனித ஜார்ஜ் கோட்டையின் நிர்வாகக் குறிப்புகளில் தேடுவதே பலன் தரும். உங்கள் ஊர் எந்த ஆண்டு யாருடைய ஆட்சிக்குள் வந்தது, எப்போது மாநகராட்சியோடு இணைந்தது என்று தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். 2011இல் 42 உள்ளாட்சி அமைப்புகள் சென்னையோடு சேர்ந்தபோது மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. அவ்வாறு சேர்ந்த ஊர்களுக்கு ஊராட்சித் தீர்மானப் புத்தகங்கள் இருந்திருக்கும் என்பதால் அவற்றை விசாரிக்க மறக்க வேண்டாம்.

கல்வெட்டு இருந்தால் நல்லது. தொல்லியல் துறையின் தொகுதிகளில் அச்சான பாடத்தைப் பார்த்து, நாடு, கோட்டம் ஆகிய பழைய பிரிவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கோயிலின் பெருமையைச் சொல்லும் தலபுராணத்தை இந்தச் சான்றுகளோடு கலக்காமல் தனியாக வையுங்கள்.

முதியவர்களிடம் பேசும்போது ஆண்டைக் கேட்டால் பதில் குழம்பும். 1942இல் குண்டுவீச்சுக்கு அஞ்சி மக்கள் சென்னையைக் காலிசெய்ததற்கு முன்பா பின்பா, 1943 வெள்ளத்தின்போது உங்கள் வீட்டில் யார் இருந்தார்கள், பெரியவர்கள் என்ன சொல்லக் கேட்டிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். எந்த மதகில் குளித்தார்கள், கடைசி அறுவடை எந்த நிலத்தில் நடந்தது என்பவற்றையும் கேட்டு, அவர்கள் சொல்லும் ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே சர்வே எண்ணை எழுதிவையுங்கள். பதிவேட்டில் மேய்க்கால் என்றிருக்கும் நிலத்தை அவர் கழனி என்று சொன்னால் இரண்டையும் அப்படியே பதிவுசெய்யுங்கள். ஆக்கிரமித்து உழுத நிலமாகவும் அது இருந்திருக்கலாம்.