லிஃப்ட் செய்த பிக்கப்பில் பின் ஸ்பிரிங் தொய்ந்துவிட்டதா? அளந்து பார்க்கும் முறை

லிஃப்ட் செய்த, அதாவது உயரத்தைக் கூட்டிய என் பிக்கப்பின் பின்பக்கம் இறங்கினாற்போலத் தெரிந்தும், பின்பக்க ஸ்பிரிங் (வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கியது) நன்றாக இருக்கிறது என்று நானே முடிவு கட்டிப் பல மாதம் ஓட்டினேன். எங்கே தவறினேன் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். பின் தொட்டி காலியாக இருக்கட்டும். நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்து, பின்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கி விடுங்கள். லேசர் கருவி எல்லாம் வேண்டாம். எஃகு டேப், நைலான் நூல், டார்ச், கம்பி பிரஷ் போதும்.

முதலில் சக்கரத்தின் நடுமையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து, இரு பக்கமும் எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் அளவும் காற்றும் சேர்ந்து கணக்கைக் குழப்பிவிடும்.

நான் தவறியது இதற்கு அடுத்த இடத்தில். எனக்கு 522 மி.மீ. வந்தது. லிஃப்ட் செய்வதற்கு முன் எழுதி வைத்திருந்த உயரம் 520. சரியாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஆனால் ஆக்சிலுக்கும் (சக்கர அச்சு) ஸ்பிரிங்குக்கும் நடுவில், வண்டியை உயர்த்த வைத்த 50 மி.மீ. பிளாக் இருந்தது! வரவேண்டியது 570. ஸ்பிரிங் 48 மி.மீ. இறங்கியிருந்ததை அந்த பிளாக் மறைத்துவிட்டது. பிளாக் உயரத்தைத்தான் கூட்டும், ஸ்பிரிங்கின் வளைவைத் தொடாது. அதனால் அளந்த எண்ணிலிருந்து பிளாக்கின் உயரத்தைக் கழித்த பிறகே பழைய உயரத்தோடு ஒப்பிடுங்கள். நீளமான ஷேக்கிள் (ஸ்பிரிங்கின் முனையை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் அசையும் இணைப்பு) போட்டிருந்தால், கூடுதல் நீளத்தில் ஏறக்குறையப் பாதியைக் கழிக்க வேண்டும். கூடுதல் பட்டை சேர்த்து உயர்த்திய வண்டியில் இப்படிக் கழிக்க நிலையான எண் கிடையாது. அதற்கு வளைவைத்தான் அளக்க வேண்டும்.

ஸ்பிரிங்கின் பக்கவாட்டில், முன் கண் (முனையில் வளையமாகச் சுருட்டிய பகுதி) போல்ட்டின் மையத்திலிருந்து பின் கண் போல்ட்டின் மையம் வரை நூலை இழுத்துக் கட்டுங்கள். நடுவில் நூலிலிருந்து எல்லாவற்றுக்கும் மேலுள்ள முதல் பட்டையின் மேல்பரப்பு வரை அளக்க வேண்டும். யூ போல்ட் (ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடித்து வைக்கும் U வடிவ போல்ட்) தகடு மறைத்தால் அதன் முன் ஓரத்தில் அளக்கலாம், இரு பக்கமும் அதே இடமாக இருந்தால் போதும். பட்டை நூலோடு ஒட்டிப் போனாலோ, மேல்நோக்கி வளைந்திருந்தாலோ ஸ்பிரிங் தன் வேலையை முடித்துக்கொண்டது என்று அர்த்தம். (கீழே படுக்கும் முன் முன் சக்கரங்களுக்கு முட்டு வையுங்கள். வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது.)

அப்புறம் பட்டைகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து டார்ச் அடியுங்கள். குறுக்கே மெல்லிய துருக்கோடு தெரிந்தால் அது விரிசலாக இருக்கலாம். காலி வண்டியிலேயே அடியில் உள்ள கனமான பட்டை மேல் பட்டைகளை முழுக்கத் தாங்கி நின்றாலும் தொய்வுதான். ஒரு பக்க ஆக்சில் மட்டும் முன்னேயோ பின்னேயோ நகர்ந்திருந்தால் பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் முறிந்திருக்கிறதா என்று பாருங்கள். அது உறுதியானால் வண்டியை ஓட்டாதீர்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒருவருக்கு இரு பக்க வளைவும் சரியாக இருந்தும் பின் இடது பக்கம் தாழ்ந்தே இருந்தது. முன்பக்கத்தை நடுவில் ஒரே புள்ளியில் ஜாக் வைத்துத் தூக்கச் சொன்னேன். பின்பக்கம் சமமாகிவிட்டது. கோளாறு முன்பக்கச் சுருள் ஸ்பிரிங் ஒன்றில் இருந்தது.

இன்னொருவர் லிஃப்ட் செய்தபோது சக்கரம் தொங்கும் நிலையிலேயே கண் போல்ட்டுகளை முறுக்கியிருந்தார். கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ் முறுகி நின்றதால் அளவு எப்போதும் தவறாகவே வந்தது. போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு முறுக்கிவிட்டு மறுபடி அளங்கள்.

ஸ்பிரிங்கைக் கழற்றினால் யூ போல்ட்டுகளைப் புதிதாகவே வாங்கிப் போடுங்கள். ஒருமுறை இழுபட்டவை மறுபடி அதே பிடிப்பைத் தராது.