பள்ளியில் என்ன சாப்பிட்டாய்? குழந்தையின் நினைவிலிருந்து சரியான விடை பெறும் முறை

பள்ளிவிட்டு வந்த பிள்ளையிடம் "மதியம் என்ன சாப்பிட்ட?" என்று கேட்டால், "சாதம்" என்ற ஒற்றைச் சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வீட்டுக்கு அது போதும். ஆனால், குழந்தையின் உணவில் புரதமும் இரும்புச்சத்தும் எவ்வளவு இருந்தன என்று கணக்கிட வேண்டிய ஊட்டச்சத்தியல் மாணவருக்கோ, கள ஆய்வாளருக்கோ, உணவுப் பழக்கத்தைக் கவனிக்கும்படி மருத்துவர் சொல்லியனுப்பிய பெற்றோருக்கோ அந்த ஒற்றைச் சொல் எதற்கும் உதவாது. அவர்கள் குழந்தையிடம் எப்போது கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும், கிடைத்த விடையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பவற்றைப் பற்றியது இந்தக் கட்டுரை.

முதலில் குழந்தைகளின் நினைவு எவ்வளவு தவறக்கூடும் என்பதை அறிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் சூசன் டோமல் பாக்ஸ்டர் என்ற ஆய்வாளரின் குழுவினர், பள்ளி உணவுக்கூடத்தில் நான்காம் வகுப்புக் குழந்தைகள் உண்டவற்றை நேரில் பார்த்துக் குறித்துக்கொண்டு, பின்னர் அதே குழந்தைகளைப் பேட்டி கண்டு இரண்டையும் ஒப்பிட்டார்கள். 2002-இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, உண்ட உணவுகளில் சராசரியாக 51 விழுக்காட்டைக் குழந்தைகள் சொல்லாமல் விட்டிருந்தனர். சொன்னவற்றில் சராசரியாக 39 விழுக்காடு அவர்கள் அந்த வேளையில் உண்ணாதவை. இந்த எண்களைப் பார்த்துப் பிள்ளைகள் பொய் சொல்கிறார்கள் என்று முடிவுகட்டுவது பெரிய அநியாயம். தட்டில் விழுந்ததை மனத்தில் குறித்துவைக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளையிடம் யாரும் சொல்லவில்லை; பக்கத்தில் இருந்த தோழியும், சாப்பிட்ட பின் ஆடப்போகும் ஆட்டமும்தான் அவள் மனத்தில் இருந்தன. பிழையைக் குறைக்கும் பொறுப்பு கேட்பவருடையது.

அதற்குக் கேட்பவர் கையில் உள்ள மிக வலிமையான கருவி நேரம். உண்டதற்கும் கேட்பதற்கும் இடையே எவ்வளவு நேரம் கழிகிறதோ அவ்வளவுக்குத் துல்லியம் குறைகிறது. "நேற்று முழுநாளும் சாப்பிட்டதைச் சொல்" என்று கேட்பதே பல ஆய்வுகளின் வழக்கம். இப்படிக் காலை பத்து மணிக்குக் கேட்டால், முந்தைய நாள் பன்னிரண்டரை மணிக்கு உண்ட மதிய உணவு இருபத்தொன்றரை மணி நேரம் பழையதாகியிருக்கும். நடுவில் மாலைத் தின்பண்டம், இரவு உணவு, அன்றைய காலையுணவு என மூன்று வேளைகள் அதன்மேல் படிந்திருக்கும். மாறாக, பிற்பகல் இரண்டு மணிக்கு அமர்ந்து, அந்த நேரத்திலிருந்து பின்னோக்கி 24 மணி நேரத்தைக் கேட்டால், பள்ளி மதிய உணவு ஒன்றரை மணி நேரத்துக்கு முன் நடந்ததாகவே இருக்கும். அன்றைய காலையுணவும் முந்தைய இரவு உணவும் அந்த எல்லைக்குள் முழுதாக அடங்கிவிடும். 374 நான்காம் வகுப்புக் குழந்தைகளிடம் காலை, பிற்பகல், மாலை என மூன்று நேரங்களிலும், இவ்விரண்டு கால எல்லைகளையும் மாற்றி மாற்றி வைத்துச் செய்யப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வு இதையே உறுதிசெய்தது. ஆகவே, தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்கும்போதே பிற்பகல் முதல் பாடவேளையைக் கேட்டுப் பெறுங்கள். காலை வழிபாட்டுக்குப் பின் கிடைக்கும் நேரம் எல்லோருக்கும் வசதியானதாக இருக்கலாம். அந்த வசதிக்கு விலையாகப் போவது தரவின் தரம்.

தமிழ்நாட்டில் கேட்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே அரசுப் பள்ளிக் குழந்தைக்கு உணவு அட்டவணை மனப்பாடம். 1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் இன்று நாளுக்கொரு கலவை சாதமும் முட்டையும் கிடைக்கின்றன. முதல், மூன்றாம் வாரங்களுக்கு ஒரு பட்டியலும் இரண்டாம், நான்காம் வாரங்களுக்கு வேறொரு பட்டியலும் உண்டு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிவைக்கப்பட்ட காலை உணவுத் திட்டத்தில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல் ஆகியவை கிழமை முறைப்படி வருகின்றன. இந்த ஒழுங்கு குழந்தையின் உடலுக்கு நல்லது. ஆய்வாளருக்கோ அதுவே பொறி. செவ்வாய்க்கிழமை என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், குழந்தை தன் தட்டை நினைத்துப் பார்க்காமல் செவ்வாய்க்கிழமைப் பட்டியலை ஒப்பித்துவிடலாம். அன்று கொண்டைக்கடலை வராமல் போயிருக்கலாம். வந்தும் அவள் ஒதுக்கியிருக்கலாம். முட்டையைத் தம்பிக்கென்று எடுத்து வைத்திருக்கலாம். எனவே, கேட்கப் போகும் முன் அன்று உண்மையில் என்ன சமைக்கப்பட்டது என்பதைச் சத்துணவு அமைப்பாளரிடமோ சமையலரிடமோ கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சுவரில் எழுதியிருக்கும் பட்டியலைப் பார்த்து எழுதாதீர்கள். குறித்த தாளைக் குழந்தையின் கண்ணில் படும்படி வைக்கவும் வேண்டாம்.

இனி, கேட்கும் விதம். முதல் சுற்றில் உணவின் பெயர் எதையும் உங்கள் வாயால் சொல்லக் கூடாது. "முட்டை சாப்பிட்டியா?" என்று பெரியவர் ஒருவர் கேட்டால், ஆம் என்பதே நல்ல பிள்ளையின் விடை என்று குழந்தை எண்ணிக்கொள்ளும். அதற்கு மாறாக நிகழ்ச்சியைத் தொடக்கத்திலிருந்து நடத்திக்கொண்டு போகலாம்: "பெல் அடிச்சதும் எங்க போன? யார் பக்கத்துல உட்கார்ந்த? தட்டுல முதல்ல என்ன வெச்சாங்க?" குழந்தை தானாக ஓய்ந்த பிறகு, "வேற ஏதாவது?" என்று ஒருமுறை கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள், அந்த மௌனத்தை நிரப்ப அவசரப்பட வேண்டாம், ஏனென்றால் விடுபட்ட ஊறுகாயும் பள்ளி வாசலில் வாங்கிய கொய்யாவும் பெரும்பாலும் அந்த மௌனத்தில்தான் வெளிவரும். அதன் பிறகே இரண்டாவது சுற்றில் பானம், பழம், தின்பண்டம், பிறரிடம் வாங்கித் தின்றது, பிறருக்குக் கொடுத்தது என வகைவகையாகக் கேட்கலாம். மிகச் சிறிய பிள்ளைகளிடம் இதையும் தவிர்ப்பது நல்லது. இத்தகைய தூண்டுகேள்விகள் முதல் வகுப்புக் குழந்தைகளின் விடையைச் செம்மைப்படுத்தியதைவிடக் கெடுத்ததே அதிகம் என்று பாக்ஸ்டர் குழுவினர் கண்டனர்.

பொதுவாக எட்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தையின் சொல்லை மட்டும் நம்பித் தரவு சேகரிக்க முடியாது. பெற்றோரின் துணையை நாடுவதே வழக்கம் என்றாலும், பள்ளியில் நடந்ததைப் பெற்றோர் பார்த்ததில்லை. டிபன் டப்பா காலியாக வந்தது என்பதற்கு அது தன் பிள்ளையின் வயிற்றுக்குப் போனது என்று பொருளில்லை.

அளவைக் கேட்கும்போது கிராம், மில்லிலிட்டர் என்ற சொற்களை விட்டுவிட்டு, பள்ளியில் பயன்படும் அதே தட்டையும் அதே கரண்டியையும் மேசைமேல் வையுங்கள். எத்தனை கரண்டி வைத்தார்கள் என்பது ஒரு கேள்வி. அதில் எவ்வளவு உண்டாய் என்பது வேறொரு கேள்வி. பின்னதற்குத் தொடவில்லை, ருசி பார்த்தேன், கொஞ்சம், பாதி, பெரும்பகுதி, முழுவதும் என்ற ஆறு படிகளே போதும். மறுமுறை வாங்கியதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் எவ்வளவு பிழை எஞ்சியிருக்கிறது என்பதை அறிய, ஒரு சிறு பகுதிக் குழந்தைகளையாவது உண்ணும்போது நேரில் கவனிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதற்குப் பள்ளியின் அனுமதியும் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும். ஒருவர் ஒரே நேரத்தில் மூன்று குழந்தைகளுக்கு மேல் கவனிக்கக் கூடாது. யாரைக் கவனிக்கிறோம் என்று பிள்ளைகளுக்குத் தெரியவும் கூடாது. தட்டுகளுக்கிடையே நடக்கும் பண்டமாற்று கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் என்பதால் பார்வை குறிப்பேட்டிலேயே பதிந்திருக்கக் கூடாது.

கணக்கு எளியது. ஒரு சிறுமி சாம்பார் சாதம், முட்டை, சுண்டல், தோழி தந்த முறுக்கு ஆகிய நான்கையும் உண்டதை நீங்கள் பார்த்தீர்கள். அவளோ சாம்பார் சாதம், முட்டை, உருளைக்கிழங்கு என்று மூன்றைச் சொன்னாள் என்று வைத்துக்கொள்வோம். பொருந்தியவை இரண்டு, விடுபட்டவை இரண்டு, இடைச்செருகல் ஒன்று. உண்ட நான்கில் இரண்டு விடுபட்டதால் விடுபடல் விகிதம் 50 விழுக்காடு. சொன்ன மூன்றில் ஒன்று உண்ணாதது என்பதால் இடைச்செருகல் விகிதம் 33 விழுக்காடு. கலவை சாதம் போன்ற முதன்மை உணவுக்குக் கூடுதல் மதிப்பும், ஊறுகாய் போன்ற தொடுகறிக்குக் குறைந்த மதிப்பும் தந்து இதை இன்னும் நுட்பமாக்கலாம். மொத்தக் கலோரியை மட்டும் ஒப்பிட்டுத் திருப்தியடைவது பலர் செய்யும் தவறு: உண்ணாத உருளைக்கிழங்கு உண்ட சுண்டலின் இடத்தை நிரப்பிக் கலோரிக் கணக்கை ஏறத்தாழ நேராக்கிவிடும், நாம் தேடிச்சென்ற புரதமும் இரும்பும் அப்போது தவறாகவே இருக்கும்.

படிவத்தில் உணவு வேளையின் மணியையும் பேட்டியின் மணியையும் தவறாமல் எழுதுங்கள். இவ்விரண்டும் இல்லாத தரவைப் பிறகு எந்தக் கணக்காலும் சீர்செய்ய இயலாது. நேரில் பார்த்ததும் குழந்தை சொன்னதும் வேறுபட்டால் அதைக் குழந்தையிடம் சுட்டிக்காட்டவோ, ஆசிரியரிடம் பெயர் சொல்லிப் பேசவோ வேண்டாம். முட்டையைத் தம்பிக்கு எடுத்துச் சென்ற சிறுமி, அது உங்களுக்குத் தெரியும் என்று அறிந்த நாளிலிருந்து, எப்போது கேட்டாலும் முழு முட்டையையும் தின்றதாகவே சொல்வாள்.