நெட் வரவில்லையா? முதலில் ஊசியைக் கீழே வையுங்கள்

வீட்டில் நெட் நின்றதும் பலருடைய கையும் மோடத்தின் பின்னால் உள்ள ரீசெட் ஓட்டைக்குத்தான் போகிறது. சிம் ஊசியை விட்டுப் பத்து விநாடி அழுத்திவிட்டு, ‘ரீஸ்டார்ட் பண்ணிட்டேன்’ என்பார்கள். ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. ரீசெட் செய்தால் வைஃபை பாஸ்வேர்டோடு, நிறுவனம் உள்ளே போட்டுவைத்த பிபிபிஓஇ யூசர்நேம், விலேன் எண் என்று லைனோடு சேர்வதற்கான விவரங்கள் எல்லாம் அழிந்துபோகலாம். சில மோடம்கள் அவற்றைத் தானாகவே திரும்ப எடுத்துக்கொள்ளும். மற்றவற்றுக்கு ஆள் வந்து கான்ஃபிகர் செய்தால்தான் உண்டு. உங்களுடையது எந்த வகை என்று தெரியாமல் அழுத்தாதீர்கள்.

ரீஸ்டார்ட் என்பது சுவிட்சை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போடுவது. போட்டபின் 2, 3 நிமிடம் பொறுங்கள். லைனோடு மோடம் சேர்ந்துவிட்டதா என்று காட்டும் பான் (PON) விளக்கு சிமிட்டுகிறதே என்று மறுபடி மறுபடி அணைத்தால், பாவம், அது லைனில் பதிவாவதே இல்லை.

உண்மையில் சுவிட்சைத் தொடும் முன்பே விளக்குகளைப் பார்த்திருக்க வேண்டும். ஃபைபர் மோடத்தில் எல்ஓஎஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பாக இருந்தால், வயர் வழியே நெட்டைக் கொண்டுவரும் ஒளி வந்து சேரவில்லை. மோடத்தில் எதை அழுத்தியும் பயனில்லை. வீட்டுக்குள் வயர் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பீரோவை நகர்த்தும்போது நசுங்கியிருக்கும். இல்லையென்றால், நீளமாகத் தொங்குகிறது என்று யாரோ இறுக்கிச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருப்பார்கள். உள்ளே ஒளி ஓடும் கண்ணாடி மையம் சுமார் 9 மைக்ரான்தான். இறுக்கி மடக்கினால் ஒளி கசிந்துவிடும். வளையம் காபி டபராவைவிடச் சிறியதாக வேண்டாம்.

மோடத்தில் செருகியிருக்கும் ஃபைபர் வயரின் பச்சை முனையைக் கழற்றிச் சட்டையில் துடைப்பவர்களும் உண்டு. விரல் பிசுக்கு ஒட்டினாலே சிக்னல் குறையும். ஒளி வருகிறதா என்று கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பது அதைவிட மோசம். வருவது அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியவும் தெரியாது, நல்லதும் இல்லை.

எல்ஓஎஸ் அணைந்து, பான் நிலையாக எரிந்து, இன்டர்நெட் விளக்கு மட்டும் சிவப்பா? வயரை விட்டுவிட்டு ரீசார்ஜ் முடிந்துவிட்டதா என்று பாருங்கள்.

போனில் வைஃபை கோடு முழுதாக இருப்பதை நம்ப வேண்டாம். அது போனுக்கும் மோடத்துக்கும் உள்ள உறவு, அவ்வளவே. பிரவுசரில் 192.168.1.1 போன்ற மோடத்தின் முகவரி திறந்தால் போனுக்கும் மோடத்துக்கும் நடுவே பழுதில்லை, வேறெங்கோதான்.

கரண்ட் போய்வந்தபின் மோடம் உயிர் பெறாவிட்டால், முனை பொருந்துகிறது என்று செட்டாப் பாக்ஸ் அடாப்டரைச் செருகாதீர்கள். வோல்ட் கூடினால் மோடம் போகும். ஆம்பியர் குறைந்தால் விளக்கு எரியும், ஆனால் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருக்கும்.

புகார் சொல்லும்போது ‘நெட் வரலை’ என்று நிறுத்தாமல் எந்த விளக்கு என்ன நிறம் என்றும் சொல்லுங்கள். லைன்மேன் வந்தால், ஒளியின் பலத்தை அளக்கும் மீட்டரில் எவ்வளவு காட்டுகிறது என்று கேளுங்கள். அது டிபிஎம் (dBm) என்ற அலகில், மைனஸில் வரும்; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு. மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் கவலையில்லை. மைனஸ் 27ஐத் தொட்டால் இன்றைக்கு ஓடும், நாளைக்கு நிற்கும். முனையைச் சுத்தம் செய்து, ஜாயின்ட்டையும் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.