மாந்தோப்பில் கிடந்த கண்ணீர்த்துளி வண்டி: வீட்டு வாசலிலேயே புதுப்பிக்கும் முறை

காவேரிப்பட்டணம் அருகே ஒரு மாந்தோப்பில், தவிட்டு மூட்டைகளை வயிற்றில் சுமந்தபடி வெகுகாலமாக நின்ற வண்டி அது. யாரோ ஒருவர் பழைய ஜீப் டிரெய்லரின் சேஸிஸ், அதாவது அடிச்சட்டத்தின்மீது பிளைவுட்டில் கூடு கட்டி, அலுமினியத் தகடு போர்த்தி, இருவர் படுக்கும் அறையாக மாற்றியிருந்தார். முன்புறம் உருண்டு பின்புறம் சரிந்து இறங்கும் உருவம். அதனால்தான் கண்ணீர்த்துளி டிரெய்லர் என்ற பெயர். 1930களில் அமெரிக்காவில் பரவிய வடிவம் இது. 4 அடி அகலம், 8 அடி நீளம் என்பது அங்கே வழக்கமானதற்குப் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, பிளைவுட் பலகை அந்த அளவில் வருகிறது. நம் கடைகளிலும் அதே 8க்கு 4தான். உள்ளே நிற்க முடியாது, படுக்கலாம். சமையல், பின்கதவைத் தூக்கிவிட்டு வெளியே நின்றபடி.

வண்டியை இழுத்து வந்த அன்று எதிர்வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்து, "ஆடு அடைக்கவா தம்பி?" என்று கேட்டார். அவர் பேச்சு பின்னால் மீண்டும் வரும்.

முதல் வேலை: குத்திப் பார்ப்பது

பெயின்ட் பளபளப்பை நம்பாதீர்கள். ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு பக்கச் சுவரின் அடிவிளிம்பு, ஜன்னல் ஓரம், பின்கதவுக் கீலின் கீழ்ப்பகுதி ஆகிய மூன்று இடங்களிலும் அழுத்துங்கள். நனைந்த ரஸ்க் போல உள்ளே இறங்கினால் அந்தப் பலகை போய்விட்டது. தரைக்கு அடியில் கரையான் மண்கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு சேஸிஸைச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்றால் இரும்பு திடமாக இருக்கிறது, மொத்தென்றால் துரு தின்றிருக்கிறது. இழுகொக்கியிலிருந்து அச்சின் இரு முனைகளுக்கும் டேப் வைத்து அளந்தால் தூரம் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி கோணலாக ஓடும். புதிதாகக் கைவைப்பவர் அப்படிப்பட்ட வண்டியைத் தொடாமல் இருப்பதே நல்லது.

ஆவணங்களையும் இப்போதே கேளுங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். பதிவு வேண்டும், உருவத்தை மாற்றினால் அதற்கும் அனுமதி வேண்டும். பெயின்ட் காய்ந்த பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போவதைவிட, பணம் கொடுக்கும் முன் போய் விசாரிப்பது புத்திசாலித்தனம்.

பிரிப்பது

ஒவ்வொரு பாகத்தைக் கழற்றும் முன்பும் செல்பேசியில் படம் எடுங்கள். திருகுகளைப் பகுதிவாரியாகத் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று: மக்கிய பக்கச் சுவரைக் கழற்றும் முன், அதன் வளைவை ஒரு பெரிய அட்டையில் அப்படியே வரைந்துகொள்ளுங்கள். நான் அதைச் செய்யாமல் இழுத்தேன், சுவர் இரண்டாகப் பிளந்து கையோடு வந்தது. மறுபக்கச் சுவர் முழுசாக இருந்ததால் பிழைத்தேன்.

அடிப்பகுதி

கம்பி பிரஷ்ஷும் கிரைண்டரும் வைத்துத் துருவை வெறும் இரும்பு தெரியும்வரை நீக்குங்கள். விரிசல் இருந்தால் வெல்டிங் பட்டறைக்குப் போய்விடுங்கள்; டிராக்டர் டிரெய்லர் வேலை பார்க்கும் பட்டறைகள் நம் பக்கம் எங்கும் உண்டு. பிறகு ரெட் ஆக்சைடு என்ற துருத்தடுப்புப் பூச்சு இரண்டு கோட், அதன்மேல் எனாமல். அச்சைத் தாங்கும் ஸ்பிரிங்கான கமான் பட்டையில் ஓர் இலை உடைந்திருந்தாலும் செட்டையே மாற்றுங்கள். டயரில் கட்டை எவ்வளவு இருந்தாலும் பக்கச் சுவரில் நுண்வெடிப்பு தெரிந்தால் புதிது வாங்க வேண்டியதுதான்.

சக்கர பேரிங்கைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து, உருளைகளுக்கு இடையே ஏறும்படி கிரீஸைத் திணியுங்கள். மாட்டும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு சற்றுத் தளர்த்தி, நட்டைக் கழலாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின்னுக்கான துளை நேராக வரும் இடத்தில் நிறுத்துங்கள். பழைய பின்னை மறுபடி போடாதீர்கள். சில ரூபாய்ச் சாமான் அது, சக்கரம் கழன்று ஓடாமல் பிடித்திருப்பதும் அதுதான்.

மரவேலை

பிளைவுட்டில் ஐ.எஸ். 710 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது மரைன் ரகம். ஐ.எஸ். 303 என்று இருப்பது வீட்டு அலமாரிக்குப் போதும், மழையில் ஓடும் வண்டிக்கு வேண்டாம். தரைக்கும் சுவருக்கும் 12 மி.மீ. எடுத்தேன். கூரைக்குத் தடித்த பலகை வளையாது. 3 மி.மீ. பலகை இரண்டை, ஈரத்துணி போர்த்தி ஓர் இரவு வைத்து, குறுக்குச் சட்டங்கள்மேல் மெதுவாக வளைத்து, காய்ந்தபின் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினேன். குறுக்குச் சட்டங்களுக்குப் பழைய தேக்கு ஜன்னல் சட்டத்தையே அறுத்துக்கொண்டேன். அறுத்த விளிம்பு ஒவ்வொன்றுக்கும், துளைத்த துளை ஒவ்வொன்றுக்கும் எபாக்சி என்ற, இறுகிப்போகும் பிசினைத் தடவுங்கள். பலகை தண்ணீர் குடிப்பது முகத்தால் அல்ல, விளிம்பால்.

தகடு போர்த்துவது

இங்கேதான் நான் ஒருமுறை முழுசாகத் தோற்றேன். முதல்முறை தகட்டைப் போர்த்தி, இணைப்பெல்லாம் சிலிகான் பூசி, மஞ்சள் பெயின்ட் அடித்து, தெருவே பாராட்டியது. ஐப்பசி மழை இரண்டு நாள் பிடித்ததும் மெத்தை ஊறியது. சிலிகானின் மேல் பெயின்ட் நிற்காது. அதைவிடக் கொடுமை, அதைச் சுரண்டி எடுத்த இடத்தில் வேறு எதுவும் சரியாக ஒட்டாது.

எதிர்வீட்டுப் பெரியவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "ஓட்டு வீடு பார்த்ததில்லையா? மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் அல்லவா ஏறும்" என்றார். நான் மேல்தகட்டைக் கீழ்த்தகட்டுக்கு அடியில் சொருகியிருந்தேன். ஓடு வேய்வது போலவே கீழிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். பசை இல்லாமலே தண்ணீர் இறங்கிப் போகும்படி தகடு ஏறியிருக்க வேண்டும். பசை துணைக்குத்தான்.

இணைப்புகளுக்குப் பியூட்டைல் டேப் வாங்குங்கள். அது இறுகாமல் களிம்பு போலவே இருப்பதால் வண்டி குலுங்கும்போது கூடவே அசைந்து கொடுக்கும். திருகுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். சாதாரண இரும்புத் திருகு அலுமினியத்தோடு ஈரத்தில் சேர்ந்தால் திருகும் துருப்பிடிக்கும், அதைச் சுற்றித் தகடும் அரிக்கும். பின்கதவுக் கீலுக்கு மேலே ஒரு தகரக் காடி வளைத்துப் பொருத்தி, கூரைத் தண்ணீரை இரு பக்கமும் தள்ளிவிடுங்கள். பழைய துளி வண்டிகளில் பெரும்பாலும் முதலில் ஒழுகும் இடம் அதுதான்.

பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் ஒரு சோதனை. ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, மற்றவர் தோட்டத்துக் குழாயால் கீழிருந்து மேலாகப் பகுதி பகுதியாக அரைமணி நேரம் நனைக்கட்டும். மேலிருந்து தொடங்கினால் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று தெரியாது. என் மகள் உள்ளே உட்கார்ந்து சாக்பீஸால் ஏழு வட்டம் போட்டாள்.

மின்சாரமும் எடையும்

பின்விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், உள்ளே ஓர் எல்.இ.டி.; எல்லாம் 12 வோல்ட். எர்த்துக்குச் சேஸிஸை நம்பாமல் தனி ஒயர் இழுங்கள். பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் போடுங்கள். காற்றோட்டத்துக்கு எதிரெதிரே இரண்டு திறப்புகள் கட்டாயம். அடுப்பை எந்த மழையிலும் உள்ளே ஏற்றாதீர்கள்.

சாமான் ஏற்றியபின், மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுகொக்கியில் இறங்க வேண்டும். எடைபார்க்கும் மெஷினைக் கொக்கிக்கு அடியில் வைத்தாலே தெரிந்துவிடும். குறைந்தால் வேகத்தில் வண்டி வாலாட்டும். அதனால் தண்ணீர்க் கேனை அச்சுக்கு முன்னால் வையுங்கள்.

முதல் ஓட்டத்துக்குக் கிருஷ்ணகிரி அணைவரை போதும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் சோதித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம். அனுபவசாலி லாரி ஓட்டுநர்களே அங்கே தடுமாறுகிறார்கள். தளி, அஞ்செட்டிப் பக்கம் காட்டோரமாக இரவு நிறுத்தவும் வேண்டாம். யானை நடமாடும் இடம், உங்கள் பின்கதவுக்குள் வாழைத்தார் இருக்கும்.

அணையருகே இறங்கியதும் டீ குடிக்கும் முன் சக்கரத்தின் நடுக்குடத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியாமல் சுட்டால் பேரிங்கை அதிகமாக இறுக்கியிருக்கிறீர்கள். வீடு திரும்பியதும் சக்கர நட்டுகளையும் கமான் பட்டையின் யூ போல்ட்டுகளையும் மறுபடி ஒரு சுற்று முறுக்கிவிடுங்கள்.