பைசாண்டியம் எப்படி விழுந்துச்சு: பரீட்சைக்கு இப்படிப் படிங்க

கோயமுத்தூர், ஈரோடு பக்கம் லைப்ரரில உக்காந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பசங்க நெறையப் பேரு இதை "1453ல துருக்கியர் புடிச்சாங்க"ன்னு ஒரே வரில முடிச்சர்றாங்க, அப்படிப் படிச்சா மனசுல நிக்காதுங்க. நம்ம வெள்ளலூர்ல பொதையலாக் கெடச்ச காசெல்லாம் அடிச்ச ரோம அரசோட கிழக்குப் பாதிதான் பைசாண்டியம், தலைநகரம் கான்ஸ்டான்டினோபிள் (இன்னிக்கு இஸ்தான்புல்), கொஞ்சம் நின்னு படிக்கலாம்.

நோட்டுல 1071, 1095, 1204, 1261, 1453னு எடம் விட்டு எழுதிக்கோங்க. 1071ல மான்சிகெர்ட் போர்ல செல்ஜுக் துருக்கியர்கிட்ட தோத்து சின்ன ஆசியா (இன்னிக்குத் துருக்கி இருக்கற பக்கம்) கைவிட்டுப் போகவும் பேரரசர் அலெக்சியோஸ் மேற்க இருந்து ஆள் கேட்டாரு, போப் இரண்டாம் அர்பன் 1095ல கிளப்பிவிட்டதோ பெரும் படை, ஜெருசலேமை முஸ்லிம்கள்கிட்ட இருந்து மீட்கக் கெளம்புன முதல் சிலுவைப் போர் இதுதான். நைசியா திரும்பக் கெடச்சுது, 1098ல அந்தியோக்கியா நகரத்தைப் புடிச்ச சிலுவைப் படைத் தலைவர் பொகிமண்ட் அதைப் பேரரசருக்குத் தரவே இல்ல. 1182ல தலைநகர்ல இருந்த இத்தாலிக்காரங்களை ஊர்க் கும்பல் வெட்டுனதையும் மறக்காம எழுதுங்க, தப்பு ரெண்டு பக்கமும் இருக்குது.

1204க்குத்தான் அதிக நேரம் குடுங்க. நாலாவது சிலுவைப் போருக்கு 33,500 பேரை ஏத்திட்டுப் போக 85,000 மார்க் (அப்போதைய எடை அளவு) வெள்ளிக்கு இத்தாலி வியாபார நகரமான வெனிஸ்கிட்ட பேசுறாங்க, வெனிஸ்காரங்க மத்த வியாபாரத்தை நிறுத்திட்டுக் கப்பல் கட்டுறாங்க, வந்து சேந்ததோ மூணுல ஒரு பங்கு ஆளு. திருப்பூர்ல ஒரே ஆர்டரை நம்பி மத்த பார்ட்டியை விட்டவர்கிட்ட பையர் பாக்கி சொன்னா என்னாகும்னு நமக்குத் தெரியுமுங்க. பாக்கி 34,000 மார்க். அப்பத்தான் பட்டம் போன பைசாண்டிய இளவரசன் ஒருத்தன் எங்கப்பாவை மறுபடி உக்கார வெச்சா 2,00,000 மார்க் தர்றேன்னு வர்றான், உக்கார வெச்சாங்க, அவனால கட்ட முடியல, 1204 ஏப்ரல்ல நகரத்தையே மூணு நாள் சூறையாடுனாங்க. குதிரைப் பந்தய மைதானத்துல நின்ன நாலு வெண்கலக் குதிரையும் வெனிஸுக்குப் போயிருச்சு. கிறிஸ்தவப் படை கிறிஸ்தவ நகரத்தைக் கொள்ளையடிச்சதுன்னு அழுத்தி எழுதுங்க.

அப்புறம் ஒரு மேப் வரைஞ்சு நைசியா, டிரெபிசாண்ட், எபிரஸ்னு அரசு துண்டானதைக் காட்டுங்க. 1261ல நைசியாப் பேரரசர் மிக்கேல் தலைநகரை மீட்டாரு, ஆனா வருமானம் மீளல. உள்நாட்டுச் சண்டை, 1347 பிளேக் இதெல்லாமும் காரணம்தான், சேத்துக்கோங்க. கடைசியா இந்தக் கணக்கைக் கட்டாயம் போடுங்க: 1340கள் வாக்குல தலைநகருக்கு எதிர்க்கரைல கலாட்டாங்கிற எடத்துல இருந்த ஜெனோவாக்காரங்களுக்கு (இவங்களும் இத்தாலி வியாபாரிங்கதான்) வருச சுங்கம் 2,00,000 தங்கக் காசு, பேரரசருக்கு வெறும் 30,000.